ஜூன் முப்பதோடு மூடிய கதவு

முலாங்கலி கிராமம்,
சிகோங்கே வட்டாரம்.
ஜூலை 9, செவ்வாய்

தேங்காய்ப் பாலில் ஊறிக் கிடக்கும் கொழுந்தனார் கொண்டோ அவர்களுக்கு,

முலாங்கலியிலிருந்து கலுண்டே எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், கோபமாக நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால்தான் கடிதம் கடிதமாக இருக்கும் என்று பெலஜியா சொல்கிறாள். கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

உன் ஃபோனுக்கு முப்பத்தோரு தடவை அடித்துப் பார்த்தோம். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளும் உங்கள் ஸராமோ இனத்துக்காரியாகத்தான் இருப்பாள், அவ்வளவு சந்தோஷம் அவள் குரலில். அதனால்தான் கடிதம். கிசராவேயில் உன் அக்கா சிகுதானி வீடு எங்கே என்று பேருந்து நடத்துனர் லுபாஷாவுக்குத் தெரியுமாம். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பெலஜியா, 'நான் எழுதித் தரேன் அக்கா, உனக்குக் கை வலிக்கும்' என்றாள். வலிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்திலும் என் கோபம் ஆறவில்லை என்பதைத் தெரிந்துகொள். ஃபோனில் கிடைத்திருந்தால் நீ சிரித்திருப்பாய், நானும் சிரித்துத் தொலைத்திருப்பேன். காகிதத்தைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை, நிலக் குழு கூடுகிறது. நாங்கள் தேன்கூடு தொங்கவிடும் காடு இனி யாருக்கு என்று அன்றைக்கு முடிவு செய்கிறார்கள். புகையிலை முதலாளிக்கு இலை உலர்த்தும் சூளைக்கு விறகு வேண்டுமாம். 'அந்தக் காட்டில் கூடும் இல்லை, தேனீயும் இல்லை, சும்மா கிடக்கிறது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தலைக்கு மேலே தொங்குகிறதே, அண்ணாந்து பாருங்கள் என்று குழுவிடம் சொன்னோம். 'அதெல்லாம் நான் மனு போட்டதுக்கப்புறம் வந்து மாட்டினது' என்கிறார் மனிதர். இருபத்தேழு பெண்கள், முந்நூற்று எண்பது கூடு, மூன்று வருஷ உழைப்பு. எல்லாம் போன மாசம் மழையில் முளைத்ததாம். நாங்கள் என்ன காளானா?

அவர் வாயை அடைக்க எங்களிடம் இருந்தது படங்கள் மட்டும்தான். வருஷா வருஷம் பூக்கும் காலத்தில் ஒவ்வொரு மரமாகப் போய், மரத்தில் வெட்டிய எண் தெரிய, கூடு தெரிய, கீழே ஒருத்தி நிற்க, தேதியோடும் இடத்தோடும் பெலஜியா எடுத்த ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். அந்தப் படங்கள் எங்கே கொண்டோ?

நீ வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தோம். அந்த இடம் இப்போது இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தேனீத் திட்டக்காரர்களோடு நீ வந்து இறங்கியபோது உனக்கு யாரும் பாய் விரித்துக் கூப்பிடவில்லை. தேன் கிடங்கின் மூலையில் செங்கல் அளவுக்கு ஒரு கணினியை வைத்தாய். கூரையில் சூரியத் தகட்டை மாட்டினாய். 'இது குட்டி. இதோட அம்மா தார் எஸ் சலாம்ல இருக்கா. குட்டிக்கு வயிறு சின்னது. சனிக்கிழமை சனிக்கிழமை படத்தை அம்மாவுக்கு அனுப்பிடுங்க. போய்ச் சேர்ந்ததும் இங்க அழிச்சிடுங்க' என்றாய். நான் அன்றைக்கே கேட்டேன், 'அம்மா செத்துப் போனா என்ன பண்றது?' என்று. நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? 'எங்க கடற்கரைப் பொம்பளைங்க உங்களை மாதிரி அம்பதுல போகமாட்டாங்க அண்ணி' என்றாய். கிடங்கே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு மூன்று வருஷம் அனுப்பினோம், அழித்தோம், அனுப்பினோம், அழித்தோம்.

நீ போட்ட பாதையில் நான் குறை சொல்லமாட்டேன். பத்திரமான பாதைதான். வழியில் எவன் எட்டிப் பார்த்தாலும் படம் தெரியாது, குப்பை தெரியும் என்றாய். பூட்டு அங்கே, சாவி இங்கே, அந்தச் சாவியைத் தொட ஒரு ரகசிய வாக்கியம். வாக்கியத்தை வைத்தவள் நான். உன் இனத்தாரும் குளியலும் பற்றியது, இதில் எழுதமாட்டேன், லுபாஷா பிரித்துப் படிக்கிற ஆள். படம் அனுப்பும்போது எடுக்கிற இடத்தை முதலில் சொல்லு, வைக்கிற இடத்தைப் பிறகு சொல்லு, மாற்றிச் சொன்னால் பழசு புதுசை விழுங்கிவிடும் என்று பெலஜியாவுக்கு ஆறு தடவை சொல்லிக் கொடுத்தாய். அவள் ஒரு தடவைகூட மாற்றிப் போட்டதில்லை. ஊரில் இப்போது அவளைத்தான் பேசுகிறார்கள், 'அந்தப் பொண்ணு எதையோ தட்டி எல்லாத்தையும் தொலைச்சிட்டா' என்று. மூன்று நாளாக அவள் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அதற்கும் நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொலைத்தது அவள் கை இல்லை. உன் வாய்.

கதவு திறந்ததும் அந்தப் பக்கத்து இயந்திரம் இரண்டு வரி காட்டுமே. வருகிறவர்களுக்கு முக்கியமான அறிவிப்பு எழுதிவைக்கிற இடம் அது என்று நீயே சொன்னாய். முக்கியமான அறிவிப்பு! நீ அதில் என்ன எழுதினாய்? முதல் வாரம், 'சுமைதூக்கிகளே, மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வரவும். இது கேலி இல்லை.' அடுத்த வாரம், 'நியாம்வேசி விருந்தாளிகள் கவனத்துக்கு, கரண்டிகள் எண்ணப்பட்டுள்ளன. இது கேலி இல்லை.' பெலஜியா சத்தமாக வாசிப்பாள். தேன் பிழிகிறவர்கள் பிழிந்த கையோடு ஓடிவருவார்கள், விசைப்பலகை எல்லாம் பிசுபிசுப்பு. பதிலுக்கு நாங்களும் ஒரு வரி எழுதி, படத்தோடு சேர்த்து அனுப்பிவைப்போம்.

அதில் தப்பு இல்லை. உங்கள் இனத்துக்கும் எங்கள் நியாம்வேசி இனத்துக்கும் கேலிமுறை. ரத்த சொந்தம் இல்லாமலே நீ கொழுந்தன், நான் அண்ணி ஆனது அதனால்தான். எங்கள் ஆட்கள் தந்தம் சுமந்து கடற்கரைக்கு வந்த காலத்திலிருந்து அப்படி. யார் யாரை என்ன சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது. சாவு வீட்டில்கூட நீ பிணத்துப் பக்கத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டு 'எனக்கும் கொஞ்சம் அழுங்க' என்று கேட்கலாம். என் வீட்டுக்காரரை எடுத்த அன்று நீ கேட்டாய். அன்றைக்கு முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் இவ்வளவு கோபம்.

மே மாதக் கடைசி சனிக்கிழமை கதவைத் திறந்தபோது வந்த வரி இது. 'இந்த வீடு ஜூன் முப்பதோடு இடிக்கப்படும். நியாம்வேசிகளே, உங்கள் மூட்டைகளை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இது கேலி இல்லை.'

எப்படி நம்புவோம் சொல்? கரண்டிக்குக் கீழேயும் இது கேலி இல்லை. கடல் வற்றிவிட்டது, நடந்தே வாருங்கள் என்றதற்குக் கீழேயும் இது கேலி இல்லை. ஆறு சனிக்கிழமை அதே வரி நின்றது. வாராவாரம் புதுசு எழுதுகிறவன் ஆறு வாரம் மாற்றவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்று பெலஜியா இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள். அப்போது நாங்கள் சொன்னது வேறு. 'ஸராமோவுக்குச் சரக்குத் தீர்ந்துபோச்சு' என்றோம். பெண்கள் ஏதோ ஒரு பதிலை எழுதிப் போட்டார்கள். படத்தை அனுப்பினோம். அழித்தோம்.

போன சனிக்கிழமை கதவு திறக்கவில்லை. 'வாசல்ல நிக்கவெச்சு வேடிக்கை பார்க்கிறான்' என்று நான்தான் சொன்னேன். உட்கார்ந்து உலர்ந்த வள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே காத்திருந்தோம். இரண்டு மணி நேரம், கொண்டோ! இல்லாத வீட்டு வாசலில் இருபத்தேழு பெண்கள். அப்புறம் பெலஜியா திட்ட அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். திட்டம் முடிந்துவிட்டது, இயந்திரத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று, உள்ளே இருந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் அறிவிப்புப் போட்டோமே என்றார்கள். கொண்டோவைக் கூப்பிடுங்கள் என்றோம். 'அவர் இப்போ எங்ககூட இல்லை' என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தீப்பிடித்தால் தீ என்று கத்த வேண்டும். அதைக் கும்மியடித்துப் பாடினால் எவன் வாளியைத் தூக்குவான்? ஒரு ஃபோன் போதாதா உனக்கு? 'அண்ணி, நிஜமாத்தான் சொல்றேன்' என்று நாலு வார்த்தை, உன் குரலில். அதற்கு என்ன கேடு வந்தது? எங்கள் மரமெல்லாம் சூளைக்குள் போனபிறகு எந்தக் கூட்டைக் காட்டிக் கேலி பண்ணுவாய்?

படம் எங்காவது ஒரு மூலையில் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் சொல். இருக்கிறது என்றால் அதைக் கொண்டுவரும் வழியைச் சொல். இல்லை என்றாலும் சொல், அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறோம். இந்த ஒரு தடவை சிரிக்காமல் பதில் போடு. உன் அக்காவுக்கு என் வணக்கம். அவளுக்கு மட்டும்தான்.

பதினாறு நாள்தான் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்,
கலுண்டே


முலாங்கலி,
ஜூலை 27, சனி

கொண்டோவுக்கு,

கலுண்டே எழுதுவது. அன்றைக்கு ஃபோனில் நீ முந்திக்கொண்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். எனக்கும் உன்னிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. பாதி கோபம், பாதி என்னவென்று தெரியவில்லை. முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன்.

பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன் அக்கா ஃபோனிலிருந்து கூப்பிட்டாயே. 'அண்ணி, படம் எல்லாம், அது வந்து சேர்ந்த நாள் பதிவோட, என்கிட்ட இருக்கு. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி ராத்திரியே என் மடிக்கணினிக்கு இழுத்துக்கிட்டேன். இங்கேருந்து உங்களுக்கு ஒரு கதவு திறந்துவைக்கிறேன்' என்றாய். பெலஜியா அழுதாள். சந்தோஷம் ஐந்து நிமிஷம் இருந்தது. அதற்கப்புறம் நினைத்துப் பார்த்தேன். எடுத்துவைத்துக்கொண்டு பதினைந்து நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை இவன்?

பெலஜியா உன் புதுக் கதவைத் தட்டியதும் இயந்திரம் கையை நீட்டித் தடுத்தது. இந்த வீட்டை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, சரிதானா என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்குக் காட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் 'ஆமான்னு அடி, அவன்தானே' என்று கத்தினார்கள். பெலஜியா அடிக்கவில்லை. தெரியாத கதவு கைரேகை காட்டினால், என் வாயால் கேட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்காமல் ஆமாம் சொல்லாதே என்று நீ சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. ஊரே அவளைத் தொலைத்தவள் என்று பேசிய நேரத்தில் அவள் அப்படி நின்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

நீ வாசித்தாய். நாற்பத்து மூன்று எழுத்து. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, உன்னைச் சீண்டலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். 'பெரிய எழுத்தா சின்ன எழுத்தா? என்னை மாதிரியா உன்னை மாதிரியா?' நீ 'பெரிசு' என்றாய். 'சின்னது' என்றாய். 'எண் ஏழு' என்றாய். நாற்பத்து மூன்றில் ஒன்றுக்குக்கூட நீ திருப்பிக் கேலி பண்ணவில்லை. கடைசி எழுத்துச் சரியாக இருந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள், நான் போடவில்லை. சிரிக்காமல் பதில் போடு என்று எழுதியவள் நான்தான், தெரியும். அப்படி நீ போட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

நீ வைத்தபிறகு உன் அக்காவை நானே திருப்பிக் கூப்பிட்டேன். அவள் சொன்னாள். மே இருபத்து நாலாம் தேதி உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். மறுநாள்தான் அந்த வரியை நீ எழுதினாயாம். வீட்டை இடிக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னவன், உன்னை முதலில் வெளியே தள்ளினார்கள் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் பதிலைப் பார்த்தாயாம். சிரித்தாயாம். அக்காவிடம் வாசித்தும் காட்டினாயாம். அப்புறம் ஃபோனை அணைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தவன்தானாம்.

உன் வரிக்கு நாங்கள் போட்ட பதில் இது. 'வீடு இடிந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வா. வேலை இல்லாத ஸராமோவுக்கு இங்கே சுமை தூக்கும் வேலை உண்டு.'

போன கடிதத்தில் பெண்கள் ஏதோ எழுதிப் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். பெண்கள் இல்லை. நான். சொன்னது நான், பெலஜியா தட்டச்சு மட்டும்தான் செய்தாள். அவள்கூட 'இது கொஞ்சம் அதிகமோ அக்கா?' என்றாள். கேலிமுறையில் அதிகம் என்று ஒன்று உண்டா என்று அவளை அடக்கினேன்.

எனக்கு எப்படித் தெரியும், சொல்? நான் என்ன உன் வாசலில் உட்கார்ந்திருந்தேனா? என் வீட்டில் சாவு விழுந்தபோது நீ எண்ணூறு கிலோமீட்டர் பேருந்தில் வந்து என் முற்றத்தில் படுத்தாய். உன் வீட்டில் இடி விழுந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. முறை என்றால் ஒரு பக்கம் மட்டுமா? எங்களுக்கு வந்து படுக்கத் தெரியாதா? இந்தக் கோபம் படம் தொலைந்த கோபத்தைவிடப் பெரியது, எழுதும்போதே பேனா காகிதத்தைக் கிழிக்கிறது பார்.

சரி. படங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன். நாலு நாள் ஆயிற்று. அரை வழியில் இணைப்பு அறுந்துபோகும், திரும்ப முதலிலிருந்து. பெலஜியா ஐம்பது ஐம்பதாகக் கட்டி இழுத்தாள். நாங்கள் முறை போட்டுக் கூரையேறித் தகட்டில் விழும் புழுதியைத் துடைத்தோம், மேகம் வந்தால் திட்டினோம். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் கடைசிக் கட்டு வந்தது. எண்ணிப் பார்த்தோம், ஆயிரத்து நூற்று நாற்பது. ஒன்று குறையவில்லை. இந்தத் தடவை இங்கே ஒரு நகல், பள்ளிக்கூடத்தில் ஒரு நகல், பாதிரியார் வீட்டில் ஒரு நகல். இனி எந்த அம்மா வயிற்றையும் நம்ப மாட்டோம்.

நிலக் குழுவில் நடந்ததைக் கேள். படங்களைக் காட்டினோம். எண் பத்து மரம், எண் பதினொன்று மரம், வருஷா வருஷம் ஒரே மரம், ஒரே கூடு, கீழே நிற்கிறவள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறாள், அது நான். குழுவில் இருந்த பெரியவர்களே சிரித்துவிட்டார்கள். நம் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது புகையிலை முதலாளியின் ஆள் எழுந்தான், பளபளவென்று ஒரு சட்டை. 'படம் இங்கேருந்து தார் எஸ் சலாம் போச்சாம். அங்கேருந்து எவனோ ஒருத்தன் வீட்டுக்குப் போச்சாம். அந்த வீட்டுலேருந்து போன வாரம் திரும்பி வந்துச்சாம். வழியில உட்கார்ந்து தேதியை மாத்த எத்தனை நேரம் ஆகும்?' என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. 'உங்க புகையிலைக் கட்டு மாதிரின்னு நினைச்சியா? மேல நல்ல இலை, உள்ள திறந்தா சருகு!' என்று கத்திவிட்டேன். கூட்டம் கைதட்டியது. தலைவர் என்னை உட்காரச் சொன்னார், உட்காராவிட்டால் வெளியே அனுப்புவேன் என்றார். உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

தலைவர் நியாயமான மனிதர். அவர் சொன்னது இது. படம் எந்தெந்த நாளில் தார் எஸ் சலாம் போய்ச் சேர்ந்தது என்று அந்த இயந்திரம் தானே எழுதிவைத்த பதிவு இருக்குமே, அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும். பாதையைப் போட்டவரும் காத்தவரும் நான்தான் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அதுவரை தீர்ப்பு இல்லை. அடுத்த அமர்வு ஆகஸ்ட் பதினைந்து, வியாழக்கிழமை. 'அந்த ஆள் பெயர் என்ன?' என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன்.

சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. மே இருபத்து நாலில் உன்னை நிறுத்திவிட்டார்கள். சாவியைத் திருப்பி வாங்க மறந்துபோனார்கள். ஜூன் இருபத்தொன்பதில் நீ உள்ளே போய் எங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நீ யார், எந்த உரிமையில் கதவைத் திறந்தாய் என்று பளபளச் சட்டைக்காரன் நிச்சயம் கேட்பான். திட்டக்காரர்கள் காதுக்கும் போகும். அடுத்த வேலைக்கு நீ போய் நிற்கும்போது, சாவியை வைத்துக்கொண்டு நுழைந்தவன் என்று ஒரு வார்த்தை உனக்கு முன்னால் போய் நிற்கும். பெலஜியா இதையெல்லாம் விளக்கினாள், விளக்காமலேயே எனக்குப் புரிந்திருந்தது. தேதியை மாற்றிச் சொல்லிவிடலாமே என்று ஒருத்தி சொன்னாள். அவளை நான் முறைத்தேன். தேதி பொய்யில்லை என்று நிரூபிக்கத்தானே இத்தனை பாடு.

என் பதிலும் தயாராக இருக்கிறது. மரம் எங்களுடையது, கூடு எங்களுடையது, படம் எடுத்தது பெலஜியாவின் கை, நின்றது எங்கள் கால். எரிகிற வீட்டிலிருந்து எங்கள் சாமானை எடுத்துக்கொடுத்தவனைத் திருடன் என்று சொல்கிறவன் முதலில் எங்கள் இருபத்தேழு பேரையும் கேட்கட்டும். இதை நான் குழுவில் சொல்வேன். தலைவர் உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டு சொல்வேன். ஆனால் நான் சொன்னால் என்ன மதிப்பு, மூன்றாம் வகுப்புக்காரி? பதிவை விரித்துவைத்து இது இந்த நாள், இது இந்த நாள் என்று நீதான் சொல்ல வேண்டும்.

வராமல் இருக்க உனக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அது சின்னக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வரமுடியாது என்றால் சிகுதானியிடம் சொல்லி அனுப்பு, உன்னை ஒரு வார்த்தை குறை பேச மாட்டேன், பேசுகிறவளையும் விடமாட்டேன். காடு போனால் போனதுதான். நாங்கள் எங்காவது கூலிக்குப் போவோம், அந்தச் சூளையிலேயே விறகு அடுக்கினாலும் அடுக்குவோம்.

வருவதாக இருந்தால் ஆகஸ்ட் பதிமூன்று, செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் ஏறு, லுபாஷாவிடம் முன்பக்கம் ஜன்னல் இருக்கை சொல்லியிருக்கிறேன். உனக்குப் பாதை குலுங்கினால் குமட்டும். சிகோங்கேயில் இறங்க வேண்டாம், நம் ஊர் பிரிகிற இடத்தில் இறங்கு. மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கூட்டம் கூடினால் நீ கூச்சப்படுவாய். அங்கே நான் மட்டும் நிற்பேன். நீ இறங்கும்போது உன்னைப் பார்த்து என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் வாயில் வரவில்லை. இப்படி எனக்கு ஆனதே இல்லை.

நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். கைக்கு நல்ல வேலை கிடைக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி,
கலுண்டே